பரிசு பெற்ற நூலும் பல்கலைக்கழகப் பதிப்பகமும்

முன்னுரை

ஆண்டுதோறும் சிறந்த நூல்களுக்குப் பரிசுகள் அறிவிக்கப்படுகின்றன. செய்தித்தாளில் நூலின் பெயரைப் படிக்கிறோம். ஆசிரியரின் பெயரையும் படிக்கிறோம். பதிப்பகத்தின் பெயரை மட்டும் பெரும்பாலும் பாராமலே கடந்து விடுகிறோம். யாரும் ஏற்காத கையெழுத்துப் படியை முதலில் படித்துப் பார்த்து நூலாக்கியவர் யார் என்பதை அந்தப் பெயர்தான் கூறும். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் இரண்டு வெளியிட்ட மூன்று நூல்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பல்கலைக்கழகப் பதிப்பகம்

பல்கலைக்கழகமே நூல் வெளியிடுவது பழைய வழக்கம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1534இல் எட்டாம் ஹென்றி மன்னரிடம் அச்சிடும் உரிமை பெற்று, 1584இல் தன் முதல் நூலை வெளியிட்டது. இத்தகைய பதிப்பகங்களின் முதன்மை நோக்கம் இலாபமன்று. சில நூறு படிகளே விற்கக்கூடிய ஆராய்ச்சி நூலையும் தரம் இருந்தால் வெளியிடுவதே அவற்றின் பணி.

தரத்தை எவ்வாறு அறிகிறார்கள்? வந்த படியைப் பதிப்பாசிரியர் முதலில் படிக்கிறார். பின்னர் அத்துறை அறிஞர் இருவருக்கேனும் அது அனுப்பப்படுகிறது. அவர்கள் யார் என்பது பெரும்பாலும் நூலாசிரியருக்குத் தெரியாது. அவர்கள் சுட்டும் குறைகளுக்கு ஆசிரியர் விடை எழுத வேண்டும். இறுதியில் பேராசிரியர்கள் அடங்கிய குழு முடிவு செய்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஒருவர் கண்ட அளவை மற்றொருவர் சரிபார்ப்பதைப் போன்றது இம்முறை.

கார்பன் நகலில் கிடந்த நாவல்

நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சேர்ந்த ஜான் கென்னடி டூல் என்ற இளைஞர் 1960களின் முற்பகுதியில் ஒரு நகைச்சுவை நாவல் எழுதினார். நியூயார்க் பதிப்பகம் ஒன்று திருத்தங்கள் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தது, நூல் வெளிவரவில்லை. 1969இல் தமது முப்பத்தொன்றாம் வயதில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவருடைய தாயார் தெல்மா அம்மையார் அப்படியைப் பல பதிப்பகங்களுக்கு அனுப்பினார். அனுப்பிய இடங்களிலிருந்தெல்லாம் அது திரும்பி வந்தது. 1976இல், அந்நகரக் கல்லூரி ஒன்றில் கற்பித்துக்கொண்டிருந்த நாவலாசிரியர் வாக்கர் பெர்சியைத் தேடிச் சென்று படிக்குமாறு வற்புறுத்தினார். மங்கிய கார்பன் நகலை வேண்டாவெறுப்பாகத்தான் பெர்சி கையில் எடுத்தார். படிக்கப் படிக்க வியப்பு மேலிட்டது. அவருடைய முயற்சியால் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1980இல் 'எ கான்ஃபெடரசி ஆஃப் டன்சஸ்' என்ற பெயரில் அதனை வெளியிட்டது. முதலில் அச்சிட்டவை 2,500 படிகளே. 1981இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பின்னர் பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

இங்கு ஓர் உண்மையை மறைக்கலாகாது. பெர்சியின் பரிந்துரை இல்லாவிடில் அக்கதவு திறந்திருக்குமா என்பது ஐயமே. அறிமுகம் இல்லாத ஒருவரின் எழுத்தைப் பொறுமையுடன் படிக்க ஒருவர் வேண்டும். அவர் கிடைக்கும் வரை அந்தத் தாய் ஓயவில்லை.

பரிசு தவறிய நூல்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் நார்மன் மக்லீன். தம் தந்தை, தம்பி, மீன்பிடி ஆறு ஆகியவற்றைப் பற்றிக் கதைகள் எழுதினார். நியூயார்க் பதிப்பகங்கள் மறுத்தன. அதுவரை புதிய புனைகதை எதையும் வெளியிட்டிராத சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம், அவருக்காகத் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டு 1976இல் 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' நூலை வெளியிட்டது. அப்போது அவர் வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

புலிட்சர் பரிசுக்கு நடுவர்கள் பரிந்துரைப்பர். முடிவு செய்வது வாரியம். 1977இல் நடுவர்கள் இந்நூலைப் பரிந்துரைத்தும், புனைகதைக்குப் பரிசே இல்லை என வாரியம் முடிவு செய்தது. ஆயினும் நூல் மறையவில்லை. பதிப்பகம் அதனைத் தொடர்ந்து அச்சிட்டது. 1992இல் அது திரைப்படமாகவும் வந்தது.

தீயும் கணிதமும்

மக்லீனின் அடுத்த நூல் அறிவியல் மாணவர்க்குப் பெரிதும் பயன்படுவது. 1949 ஆகஸ்டு 5 அன்று மொன்டானா மாநிலத்தின் மான் கல்ச் மலைப்பள்ளத்தில் காட்டுத்தீயை அணைக்கச் சென்றவர்களுள் 13 பேர் மாண்டனர். சரிவில் மேல்நோக்கிப் பரவும் தீ, தனக்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்குவதால் விரைவு கொள்கிறது. மேல்நோக்கி ஓடும் மனிதனோ களைத்துப்போகிறான். குழுத்தலைவர் டாட்ஜ் தம் முன்னிருந்த புல்லைத் தாமே கொளுத்தி, எரிந்து முடிந்த சாம்பலில் படுத்து உயிர் பிழைத்தார்.

இந்நிகழ்ச்சியை மக்லீன் முதுமையிலும் மலையேறி ஆராய்ந்தார். தீயியல் அறிஞர்களிடம் கணிதம் கேட்டறிந்தார். நூலை முடிக்குமுன் 1990இல் காலமானார். முற்றுப்பெறாத படியைச் சிகாகோ பதிப்பகம் செப்பனிட்டு 1992இல் 'யங் மென் அண்ட் ஃபயர்' என வெளியிட்டது. அவ்வாண்டின் தேசிய நூல் திறனாய்வாளர் வட்டப் பரிசு அதற்குக் கிடைத்தது.

முடிவுரை

இம்மூன்று நூல்களில் இரண்டு பரிசு பெற்றபோது அவற்றின் ஆசிரியர்கள் உயிருடன் இல்லை. மூன்றாவதற்குப் பரிசு கிட்டவில்லை. மூன்றும் இன்று நம் கைக்கு எட்டுவதற்குக் காரணம், விற்பனையை எண்ணாமல் படித்துப் பார்த்த பதிப்பகங்களே. பரிசு நூலுக்கு வெளிச்சம் தரும். உயிர் தருவது அதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

ஆகவே நண்பர்களே, நூலகத்தில் ஒரு நூலை எடுக்கும்போது தலைப்புப் பக்கத்தின் அடியில் உள்ள பெயரையும் படியுங்கள். பரிசு பெறாத நூலையும் புரட்டிப் பாருங்கள். உங்கள் நண்பர் ஒருவர் தம் கையெழுத்துப் படியைத் தந்து படிக்கச் சொன்னால், மறுக்காமல் படியுங்கள். பெர்சி செய்ததும் அவ்வளவே.