படிவத்துக்கு மெக்ரோ, பெயருக்கு விரல்

பசறை நகரில் கொமினிகேஷன் கடை நடத்துபவனின் நாள் கடிதங்களோடுதான் போகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பம், பிரதேச செயலகத்துக்கு மனு, பெயர்ப் பிழைக்குச் சத்தியக் கடதாசி, பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கக் கடிதம். கோணக்கலையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறார்கள். கடிதம் தமிழில் வேண்டும், விலாசம் சிங்களத்தில் வேண்டும், படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். எல்லாம் கடைசி பஸ்ஸுக்கு முன் முடிய வேண்டும். விசைகளை நம் விருப்பப்படி மாற்றி அமைக்கக்கூடிய விசைப்பலகை ஒன்றை நான் வாங்கியது இந்த அவசரத்துக்காகத்தான். அதில் கற்றவற்றை இதே தொழிலில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, விசைப்பலகைக்கு எந்த மொழியும் தெரியாது. ஒரு விசையை அழுத்தினால் அது ஓர் எண்ணைத்தான் கணினிக்கு அனுப்புகிறது. அந்த எண் ‘க’வா, ‘எஃப்’பா என்பதைத் தீர்மானிப்பது விண்டோஸ். இது தெரியாமல் மெக்ரோ (ஒரே விசையில் பதிந்துவைக்கும் விசைத் தொடர்) எழுத உட்கார்ந்தால் தலை சுற்றும். கியூஎம்கே என்ற நிரலில் இயங்கும் விசைப்பலகைகள் பலவற்றை வியா என்ற செயலி வழியாக மாற்றலாம். அதில் பொதுவாக 16 மெக்ரோக்கள் வைக்கலாம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் தமிழ் எழுத்தை ஒட்ட முடியாது, ஆங்கில விசைகளைத்தான் எழுத முடியும்.

நம் நாட்டில் தட்டச்சுப் படித்த பெரும்பாலானோரின் விரல்கள் பாமினி எழுத்துருவுக்குப் பழகியவை. அதன் நடு வரிசை பழைய தட்டச்சுப் பொறியின் ‘யளனக’ வரிசையேதான். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று வர ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்டுகிறோம். அச்சகத்துக்காகப் பேஜ்மேக்கரில் பாமினியில் வேலை செய்பவர்கள் அந்த ஐந்தையும் அப்படியே மெக்ரோவில் போட்டால் போதும், தமிழ் வந்துவிடும். அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் போகும் கடிதம் யூனிகோடில் இருக்க வேண்டும். அங்கே அதே மெக்ரோ, பாமினி விசை வரிசையில் அமைந்த தமிழ் உள்ளீடு இயங்கும்போது மட்டும் தமிழைத் தரும். ஆங்கிலம் இயங்கினால் குப்பையைக் கொட்டும்.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, வேலையை இரண்டாகப் பிரிப்பது. சாதாரண விசைப்பலகைகளில் எஃப்12 வரைதான் இருக்கும். ஆனால் எஃப்13 முதல் எஃப்24 வரையிலான விசைகளையும் விண்டோஸ் அறியும், வேறெந்தச் செயலியும் அவற்றைப் பெரும்பாலும் தொடுவதில்லை. என் விசைப்பலகையின் ஓரத்திலுள்ள விசைகள் இந்த எண்களை மட்டும் அனுப்புகின்றன. கணினியில் ஓட்டோஹொட்கீ என்ற இலவச மென்பொருள் அவற்றைப் பிடித்து, நான் எழுதி வைத்த தமிழ்ப் பத்தியை அப்படியே இறக்குகிறது. அந்த நேரம் எந்த மொழி உள்ளீடு இயங்கினாலும் சரி, தமிழ் தமிழாகவே வரும். அந்தப் பத்திகளை எழுதிய கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் கேள்விக்குறிகள்தான் வரும்.

மொழி மாற்றும் விசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையைத் தட்டினால் அடுத்த மொழிக்குப் போகும். இரண்டு மொழிக்கு அது சரி. தமிழ், விஜேசேகர விசைமுறைச் சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் வைத்துக்கொண்டு இப்போது எதில் நிற்கிறோம் என்று திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விண்டோஸின் உயர்நிலை விசைப்பலகை அமைப்புகளில், சேர்த்த ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிக் குறுக்குவிசை கொடுக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், 1 என்றால் தமிழ். 2 என்றால் சிங்களம். 3 என்றால் ஆங்கிலம். இந்த மூன்று சேர்க்கைகளையும் மூன்று தனி விசைகளில் வைத்தேன். எங்கே நின்றாலும் தமிழ் விசையைத் தட்டினால் தமிழ். என் வேலையை மிக அதிகமாக இலகுவாக்கிய மாற்றம் இதுதான், இதற்கு மெக்ரோ அறிவே தேவையில்லை.

அடுத்தது புள்ளி. ‘விண்ணப்பம்’ என்ற ஒரு சொல்லிலேயே மூன்று புள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. பாமினியில் அது வலது சுண்டுவிரலின் பொறுப்பு. மிகவும் பலவீனமான விரலுக்கு மிக அதிகமான வேலை. சுன்னாகத்தில் பிறந்த இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது, 247 எழுத்தைச் சில பத்து விசைகளுக்குள் அடக்க, அடித்தாலும் உருளை நகராத விசைகளை யோசித்தார். நமக்கு அவ்வளவு பாடில்லை. அரைப்புள்ளி விசையை வலது பெருவிரலின் கீழ் கொண்டுவந்தேன். இடைவெளி விசை இரண்டாகப் பிளந்த பலகை என்பதால் இது முடிந்தது. விரல் பழகுவதற்கு நாளெடுக்கும், ஆனால் மாலையில் கை வலிப்பது குறையும். தமிழ்99 அமைப்பில் தட்டுபவர்களுக்கு இந்தத் தேவை குறைவு. அதில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது.

ஒரே விசை, தட்டினால் ஓர் எழுத்து, அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோல் என்று வைக்கும் முறை பிரபலமானது. கியூஎம்கேயில் இரண்டையும் பிரிக்கும் எல்லை, நாம் மாற்றாவிட்டால், 200 மில்லிசெக்கன். எழுத்து விசைகளில் இதை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. வேகமாகத் தமிழ் அடிக்கும்போது விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளும், தேவையில்லாத கன்ட்ரோல் கட்டளைகள் ஓடும். கெப்ஸ் லொக் விசை தமிழுக்கு எதற்கும் பயன்படுவதில்லை. அதைப் பிடித்தால் வலது கையின் கீழ் எண்கள் வரும்படி ஓர் அடுக்கு வைத்திருக்கிறேன். அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்து அடிக்க அது போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு பத்தி மெக்ரோவின் முடிவிலும் சேமிக்கும் கட்டளையைச் சேர்த்தேன். விசை அமைப்பு முழுவதையும் வியாவிலிருந்து கோப்பாக எடுத்துப் பென்டிரைவில் வைத்திருக்கிறேன். கடவுச்சொல்லை மட்டும் மெக்ரோவில் வைக்காதீர்கள். பலகையைத் தன் கணினியில் செருகும் யாரும் அதைப் படித்துவிடலாம்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. மாறாத வரிகள் எல்லாவற்றையும் மெக்ரோவாக்கலாம்: விளிப்பு, பொருள் வரி, சத்தியக் கடதாசியின் தொடக்கமும் முடிவும், சமாதான நீதவான் கையொப்பமிடும் இடம். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் மட்டும் நான் ஒருபோதும் மெக்ரோவாக்குவதில்லை. அடிக்கடி வரும் பெயர்கள்தானே என்று ‘லெட்சுமி’க்கு ஒரு விசை வைக்க ஆசை வரும். ஆனால் ஒரு அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் ‘லெட்சுமி’, அடையாள அட்டையில் ‘லட்சுமி’, சேமலாப நிதிப் பதிவில் மூன்றாவது ஒன்று. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் கேட்டு எழுதி, அதை ஆங்கிலமாக்கியதில் வந்த வினை இது. வாழ்நாள் முழுதும் கொழுந்து பறித்துச் சேர்த்த பணம் ஒரு எழுத்து வேறுபாட்டுக்காக நிற்கிறது. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று எழுதும் சத்தியக் கடதாசியிலேயே நம் விசை இன்னொரு பெயரை நுழைத்துவிடக் கூடாது. பத்திரத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் அடிக்கிறேன். அச்சிடும் முன் அவரிடமே வாசித்துக் காட்டுகிறேன். மெக்ரோ மிச்சப்படுத்தித் தரும் நேரத்தை இதற்குத்தான் செலவழிக்கிறேன்.

நிரலாக்கக்கூடிய விசைப்பலகை வாங்க வசதியில்லாத தம்பி தங்கைகள் காத்திருக்க வேண்டியதில்லை. மைக்ரோசொஃப்டின் பவர்டோய்ஸ், ஓட்டோஹொட்கீ இரண்டும் இலவசம். பழைய விசைப்பலகையிலேயே இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம். பதுளை, ஹாலிஎல, லுணுகலைப் பக்கம் கொமினிகேஷன் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: நீங்கள் திருத்தித் திருத்திச் செம்மையாக்கிய மனுக்களையும் சத்தியக் கடதாசி வாசகங்களையும், பெயர்களை நீக்கிவிட்டு, யூனிகோடில் மற்றக் கடைகளுக்கும் கொடுங்கள். என்னிடம் இருப்பவற்றை யார் பென்டிரைவோடு வந்து கேட்டாலும் தருகிறேன்.