லட்சுமிக்கும் புத்தருக்கும் ஒரே பீடம்

கேள்வி: எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர் படிமங்களைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கோயில் உற்சவர் நிற்கும் அதே தாமரைப் பீடம்! தாமரை முதலில் எந்தச் சமயத்துக்குரியது? இரண்டிலும் பொருள் ஒன்றுதானா?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: அந்தப் படிமங்களில் பலவும் சோழர் கால வார்ப்பு மரபில் வந்தவை. கீழே கவிழ்ந்த இதழ்களும் மேலே நிமிர்ந்த இதழ்களுமாக அமைந்த பத்மபீடம் இரு சமயத்துக்கும் பொதுவாகவே இருந்தது.

எந்தச் சமயத்துக்குரியது என்பதற்கு பார்ஹுத் நல்ல விடை தருகிறது. மத்தியப் பிரதேசத்தில் இருந்த பௌத்த ஸ்தூபி அது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் கல்வேலி இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலி நெடுக வட்ட வட்டமாகத் தாமரைகள். அவற்றிடையே தாமரைமேல் ஒரு பெண் நிற்கிறாள். இருபுறமும் யானைகள் குடத்து நீரைச் சொரிகின்றன. நம் பூஜையறைப் படத்தில் இருக்கும் கஜலட்சுமியேதான். அந்தக் காலத்தில் புத்தருக்கு மனித உருவம் வடிக்கும் வழக்கம் வரவில்லை. போதிமரமும் தர்மச்சக்கரமும் பாதச்சுவடுமே அவரைக் குறித்தன. அதாவது, புத்தரின் உருவம் வருமுன்பே லட்சுமி பௌத்தத் தலத்துக்கு வந்துவிட்டாள். ஒரு சமயம் இன்னொன்றிடம் கடன் வாங்கியதாக இதை நான் பார்க்கவில்லை. நீர், விளைச்சல், செல்வம் ஆகியவற்றின் மங்கலச் சின்னமாக மக்களிடம் ஏற்கெனவே இருந்த பூவை இரண்டு சமயங்களும் தமதாக்கிக்கொண்டன.

பொருளில் அழுத்தம் மாறும். இந்து மரபில் தாமரை பெரும்பாலும் பிறப்பிடம்: திருமாலின் உந்தித் தாமரையில்தான் பிரம்மன் தோன்றுகிறான். பாலி நூல்களில் புத்தர் தம்மைத் தாமரைக்கு ஒப்பிடுகிறார்: நீரில் பிறந்து வளர்ந்தும் நீர் ஒட்டாமல் மேலே நிற்கும் பூ.

ஆனால், இதைக் கோடு கிழித்துப் பிரித்துவிடாதீர்கள். பற்றில்லாமல் செயல்படுகிறவனுக்குக் கீதையின் 5ஆம் அத்தியாயம் சொல்லும் உவமை, நீர் ஒட்டாத தாமரை இலை. மறுபுறம், அமிதாப புத்தரின் சுகாவதி உலகில் அடியார்கள் தாமரை மொட்டுக்குள் பிறப்பதாக மகாயான பௌத்தர்கள் நம்புகிறார்கள்.

அந்த இலையைத் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்மேடுகள்மீது மெழுகு படிந்திருப்பதால்தான் நீர் ஒட்டுவதில்லை. உருண்டோடும் துளி தூசியையும் வாரிக்கொண்டு போகும். 1997இல் ஜெர்மன் தாவரவியலாளர்கள் பார்த்லாட்டும் நைன்ஹூயிஸும் இதை விரிவாக விளக்கினார்கள்.

இன்னொன்று: பௌத்தத் தாராதேவியின் கையில் இருக்கும் நீலப்பூவைப் பலரும் தாமரை என்றே எழுதுகிறார்கள். அது அல்லி இனத்து நீலோற்பலம்.