தண்ணீரில் மிதக்கும் ஜிங்க் பவுடர்

வீட்டில் மினரல் சன்ஸ்கிரீன் இருந்தால் டியூபின் பின்பக்கத்தைப் பாருங்க. பல பிராண்டுகளில் ஜிங்க் ஆக்சைடோடு 'ட்ரைஎத்தாக்ஸிகேப்ரிலைல்சைலேன்' என்று ஒரு நீளமான பெயரும் இருக்கும். இந்த வாரப் பாடம் அந்த ஒரு பெயர்தான்.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்ப்போம். ஜிங்க் ஆக்சைடு துகள்களின் மேற்பரப்பில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஓஎச் குழுக்கள் இருக்கும். அதுக்குத் தண்ணீரோடு ஒட்டும், எண்ணெயோடு ஒட்டாது. எண்ணெயில் போட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிடும். கட்டி பெரிசானால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அதிகமாகச் சிதறடிக்கும். நம்ம நிறத் தோலில் சாம்பல் பூசின மாதிரி தெரிவதற்கு அது ஒரு காரணம். கட்டிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் பாதுகாப்பும் குறையும்.

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். அதனால் சைலேனை ஒரு அடாப்டராகத்தான் பார்க்கிறேன். நடுவில் ஒரு சிலிக்கான் அணு. ஒரு பக்கம் எட்டு கார்பன் நீளமுள்ள, எண்ணெயோடு ஒத்துப்போகும் வால். மறுபக்கம் மூன்று எத்தாக்ஸி குழுக்கள். ஈரம் பட்டதும் இவை எத்தனாலாகக் கழன்று, அந்த இடத்தில் ஓஎச் வரும். சூடுபடுத்தும்போது அது துகளின் ஓஎச்சோடு சேர்ந்து, தண்ணீரை வெளியேற்றி, கெட்டியான பிணைப்பாகிடும். பக்கத்து சைலேன்களும் கைகோர்த்துக்கும். வால்கள் வெளியே நீட்டி நிற்பதால் தண்ணீருக்குப் பிடிமானம் கிடைக்காது. ஆனா ஈரம் அதிகமானால், சைலேன்கள் துகளை விட்டுட்டு தங்களுக்குள்ளேயே ஒட்டிக்கும்.

எவ்வளவு சைலேன் வேணும்? பவுடரின் எடை மட்டும் தெரிஞ்சா போதாது, பரப்பளவும் தெரியணும். 50 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகள் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 1 கிராம் ஜிங்க் ஆக்சைடுக்கு சுமார் 21 சதுர மீட்டர் வரும். ஓரளவு பெரிய பெட்ரூமின் தரை அளவு! விட்டம் 100 நானோமீட்டர் என்றால் அதில் பாதிதான். எடை மாறலை, ஆனா சைலேன் தேவை பாதியாகிடும்.

வேலை சரியா நடந்ததான்னு பார்க்க, பவுடரைத் தண்ணீரில் தூவுவாங்க. பூச்சு இல்லாதது நனைந்து மூழ்கும், பூச்சு உள்ளது மிதக்கும். ஆனா அந்த ஒரு டெஸ்ட் போதாது. சைலேன் பிணையாமல் சும்மா மேலே படிஞ்சிருந்தாலும் பவுடர் மிதக்கும். கரைப்பானில் நன்றாகக் கழுவி, காயவைத்து, மறுபடியும் மிதக்கவிட்டுப் பார்க்கணும். அப்பவும் மிதந்தால்தான் நம்பலாம். (இதை வீட்டில் செய்யாதீங்க, நுண்ணிய பவுடர் நுரையீரலுக்கு ஆகாது.)

கடைசியா ஒரு விஷயம். பவுடர் தண்ணீரை விரட்டுது என்பதால் க்ரீமும் தண்ணீரில் கழுவிப் போகாதுன்னு அர்த்தம் இல்லை. அது தோலில் நிற்பது க்ரீமில் உள்ள மற்ற பொருட்களையும் பொறுத்தது. அமெரிக்காவில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று லேபிளில் போடவே அனுமதி இல்லை. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால்கூட 40 அல்லது 80 நிமிடம் என்று சேர்த்துத்தான் போடணும். அதனால் அந்த நீளப் பெயரை நம்பி, நீந்திட்டு வந்தப்புறம் மறுபடி பூசாம இருந்துடாதீங்க.