கிளைடருக்கு பேட்டரி எங்கே வாங்கலாம்?

ரிமோட் கிளைடர் பறக்கவிடுகிறேன். 3 செல் லிப்போ பேட்டரியை நேரில் வாங்குவதா, ஆன்லைனிலா?
– கல்லூரி மாணவர், ஸ்ரீரங்கம்

சென்னை போகும் வேலை இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குங்கள். அண்ணா சாலையை ஒட்டிய அந்தத் தெருவில் கையில் எடுத்துப் பார்த்து, அளந்தே வாங்கலாம். மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். பேலன்ஸ் கனெக்டரில் ஒவ்வொரு செல்லாக அளந்தால், மூன்றும் 3.8 வோல்ட்டை ஒட்டி ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு செல் மட்டும் 3.6 காட்டினால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். உறை லேசாக உப்பியிருந்தாலும் அப்படியே.

சென்னைப் பயணம் இல்லையா? ஆர்.சி. சாமான்களுக்கென்றே இருக்கும் இந்திய ஆன்லைன் கடைகள் போதும். லித்தியம் பேட்டரிக்கு விமானப் பார்சலில் கெடுபிடி அதிகம். பெரும்பாலும் தரைவழியாகத்தான் வரும், சில நாள் கூடுதலாகும். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவிடுங்கள். மாற்றித் தரச் சொல்ல அதுதான் சாட்சி.

டிரான்ஸ்மிட்டருக்கான ஏஏ ரீசார்ஜ் பேட்டரி திருச்சிக் கடைகளிலேயே கிடைக்கும், அதற்குக் கூரியர் செலவு வேண்டாம். ஆனால் டிரான்ஸ்மிட்டருக்கு 18650 லித்தியம் செல் வாங்குவதானால், அதில் 9900 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தால் தொடாதீர்கள். நல்ல கம்பெனிச் செல்களே 3500-ஐ ஒட்டித்தான் தருகின்றன.

பேலன்ஸ் சார்ஜர் கையில் இல்லையென்றால், பேட்டரிக்கு முன்னால் அதை வாங்குங்கள்.