சிறைக் கணக்குப் பார்க்கப் போகும் மகளுக்கு

அன்பின் மகள்,

தேசிய கணக்காய்வு அலுவலகத்தில் நியமனம் கிடைத்து, தொடக்கத்திலேயே சிறைச்சாலைக் கணக்குப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டு மிகவும் சந்தோஷப்பட்டேன். அரிசி, பருப்புக் கணக்குத்தானே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கைதி என்ன பாடுபடுகிறார் என்பது அந்தக் கணக்கில்தான் தெரியும்.

இங்கிலாந்தில் ஒருகாலத்தில் சிறையே விலைக்குப் போனது. லண்டன் ஃப்ளீட் சிறையின் தலைமைக் காவலர் பதவி 5,000 பவுணுக்குக் கைமாறியது. வாங்கியவர் போட்ட முதலைக் கைதிகளிடமிருந்தே கறந்தார். 1729இல் நாடாளுமன்றம் தன் உறுப்பினர் ஓகிள்தோர்ப் தலைமையில் குழு அமைத்து விசாரித்தது. இன்னொரு சிறையான மார்ஷல்சீயில் கைதிகள் பட்டினியால் சாவதையும், அவர்களுக்கென்று வந்த தர்மப் பணம் அவர்கள் கைக்குப் போய்ச் சேராததையும் குழு கண்டது. வழக்கும் நடந்தது; காவலர்கள் விடுதலையானார்கள்.

1773இல் பெட்ஃபோர்ட்ஷயரின் ஷெரீஃபாக வந்த ஜோன் ஹவார்ட், அதே நோய் தன் ஊரிலும் இருக்கக் கண்டார். நிரபராதி என்று நீதிமன்றம் விட்டவர்களைக்கூட, சிறைக் கட்டணம் கட்டவில்லை என்று மறுபடி உள்ளே பூட்டிவைத்திருந்தார்கள். காவலருக்குச் சம்பளம் இல்லை, கட்டணம்தான் பிழைப்பு. சம்பளம் கொடுங்கள் என்று நீதவான்களைக் கேட்டார். வேறெங்காவது அப்படிக் கொடுக்கிறார்களா, காட்டுங்கள் என்றார்கள். குதிரையேறித் தேடிப் போனார், ஒரு முன்மாதிரியும் கிடைக்கவில்லை. ஆனால் சிறை சிறையாகக் கட்டணப் பட்டியலைப் படியெடுத்தார், ரொட்டியின் நிறையைக் குறித்தார், ஆட்களை எண்ணினார். 1777இல் வந்த அவருடைய நூலில் கைதிகள் 4,084 பேர், அதில் 2,437 பேர் கடன்பட்டவர்கள். அதற்கு முன்னரே, 1774இல், விடுதலையானவரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அவருடைய சாட்சியத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. குழு வந்து பார்த்துவிட்டுப் போகும். எழுதிவைத்த இலக்கத்தை அவ்வளவு சுலபமாக மறுக்க ஏலாது.

நம் இலங்கையில் 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆனாலும் 2025 வெசாக் பொதுமன்னிப்பின்போது, பட்டியலில் பெயரே இல்லாத ஒருவர் அநுராதபுரச் சிறையிலிருந்து வெளியே போனார். ஒரு பட்டியலைச் சரிபார்க்காததால் எவ்வளவு பெரிய அநியாயம் நடக்கும் என்று பாருங்கள்.

நீங்கள் போனதும், காலையில் எண்ணிய ஆட்தொகையை எடுங்கள். அன்று நீதிமன்றத்துக்கும் வைத்தியசாலைக்கும் போனவர்களைக் கழியுங்கள். மிஞ்சுகிற தொகையைச் சமையலுக்குக் கொடுத்த அரிசியோடும், களஞ்சியப் புத்தகத்து மீதியோடும் ஒத்துப் பாருங்கள். ஒரு மாதத்து வரிகள் முழுக்க ஒரே பேனையில், ஒரே கை அழுத்தத்தில் இருந்தால் அது அன்றன்று எழுதியதல்ல. தராசையும் சோதியுங்கள், படிக்கல் குறைந்தால் புத்தகம் சரியாக இருந்தும் பயனில்லை.

கைதிகளின் உடைமைப் பதிவேட்டை மட்டும் அவசரப்பட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே வரும்போது வாங்கிவைத்த காசும் மோதிரமும் நம்பி ஒப்படைத்த அமானிதம். விடுதலையான நாளுக்கு நேரே கையெழுத்தோ கைநாட்டோ இல்லையென்றால், அந்தப் பொருள் எங்கே என்று கேளுங்கள்.

தண்டப்பணம் கட்ட வசதியில்லாமல் உள்ளே இருப்பவர்களும் உண்டு. ஒருவருடைய தண்டப்பணத்துக்குப் பக்கத்தில், அவரை அத்தனை நாள் வைத்திருக்க அரசுக்குப் போகும் செலவையும் எழுதிப் பாருங்கள். பார்த்ததை அறிக்கையில் போடுங்கள்.

ஐயவினா எழுதும்போது திகதி, பதிவேடு, பக்கம் மூன்றும் இருக்கட்டும். பதில் வரும்வரை நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருங்கள்.