சாய்வைச் சொல்லும் மிதவைகள்: ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு எது பொருந்தும்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஹைட்ரோமீட்டரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பால் ஸ்டோரில் கிராணி வாளியிலிருந்து கொஞ்சம் ரப்பர் பால் எடுத்து, அளவாகத் தண்ணீர் சேர்த்து, ஒரு மிதவையை விட்டுப் பார்ப்பார். மெட்ரோலாக் என்று பெயர். வாளியில் ரப்பர் எவ்வளவு, நடுவில் கலந்த தண்ணீர் எவ்வளவு என்று அது போட்டுக் கொடுத்துவிடும். வீட்டில் பியர் நொதிக்க வைக்கும்போதும் மிதவைக்கு இதே வேலைதான், திசை மட்டும் மாறும். ரப்பர் தண்ணீரைவிட லேசு. பால் கெட்டியானால் மெட்ரோலாக் இறங்கும். சீனி கரைந்த நீர் கனம். மால்ட் சாறு கெட்டியானால் மிதவை ஏறும். 1.050-இல் தொடங்கும் சாறு, ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்ன 1.010 வாக்கில் வந்து நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும். இந்தக் கணக்கில் 5.25.

இதற்குக் கண்ணாடி ஹைட்ரோமீட்டரே போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் நொதிக்கும் வாளியின் மூடியைத் திறந்து, உயரமான குவளையில் சாறு எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்ததைத் திரும்ப ஊற்றக்கூடாது. திறக்கும்போதெல்லாம் காற்றும் கிருமியும் உள்ளே போகும். 30 டிகிரியில் புழுங்கும் பினாங்கு வீட்டில் இது சின்ன விஷயமில்லை. கம்பியில்லா மிதவையோ வேலை முடியும்வரை வாளிக்குள்ளேயே கிடந்து, அடர்த்தியையும் வெப்பத்தையும் கைப்பேசிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

விற்பவர்கள் பெரிய எழுத்தில் போடாத ஒரு விஷயம் இருக்கிறது. இந்த மிதவைகள் அடர்த்தியை அளப்பதில்லை, சாய்வை அளக்கின்றன. கைப்பேசியைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அந்த மாதிரிச் சில்லு ஒன்று உள்ளே இருக்கிறது. கனமான சாற்றில் மிதவை படுத்தாற்போல் கிடக்கும். சாறு லேசாக ஆக நிமிரும். அந்தக் கோணத்தைத்தான் கணக்குப் போட்டு 1.040 என்றும் 1.012 என்றும் காட்டுகிறார்கள். நுரை ஒரு பக்கம் ஒட்டினாலும், ஹாப்ஸ் துணுக்கு தலையில் உட்கார்ந்தாலும், உள்ளே பேட்டரி சற்று நகர்ந்தாலும் எண் மாறிவிடும். ஆகவே நொதித்தல் எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகிறது என்பதை மிதவையிடம் கேளுங்கள். கடைசி எண்ணைக் கண்ணாடியிடம் கேளுங்கள். விலை கூடிய மிதவையை வாங்கிவிட்டுக் கண்ணாடியைத் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இனி எதை வாங்குவது. கலிஃபோர்னியாவில் பிறந்த டில்ட்தான் இந்த வகையில் அதிகம் பேர் அறிந்தது. ஒரு குழாய், எட்டு நிறங்கள், ஒவ்வொரு வாளிக்கும் ஒரு நிறம். நிமிர்த்தி நிற்க வைத்தால் தூங்கும், படுக்கப் போட்டால் விழிக்கும். இணைப்பதற்குச் செயலியைத் திறந்தாலே போதும், கடவுச்சொல் தொல்லை இல்லை. குறை என்னவென்றால் அது புளூடூத்தில் மட்டும்தான் பேசும், எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. நீங்கள் கைப்பேசியோடு வேலைக்குப் போய்விட்டால் அந்தப் பகல் பதிவாகாது. பக்கத்திலேயே பழைய கைப்பேசி ஒன்றைச் செருகி வைக்க வேண்டும், அல்லது ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினி வேண்டும். இன்னொன்று, நீங்கள் செய்யும் அளவுத் திருத்தம் மிதவையில் பதிவதில்லை, செயலியில்தான் பதிகிறது. கைப்பேசி மாறினால் திருத்தத்தையும் மறுபடி உள்ளிட வேண்டும்.

மெல்பர்னில் உள்ள கெக்லேண்டின் ராப்ட் பில் வைஃபை வழியாக நேரே நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும். வாளி ஆயர் ஈத்தாமில் இருக்க, பாயான் லெப்பாஸில் வேலை இடைவேளையில் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். யூஎஸ்பி-சி கம்பியில் சார்ஜ் ஏறும். விலையும் டில்ட்டைவிடக் குறைவு. ஆனால் குடுமி சர்வர் வைத்திருப்பவர் கையில். அவர்கள் கடையை மூடினால் உங்கள் வரைபடமும் மூடும்.

மூன்றாவது ஐஸ்பிண்டல். ஜெர்மனியில் தொடங்கிய திறந்த வடிவமைப்பு. இஎஸ்பி 8266 சில்லு உள்ள குட்டிப் பலகை, சாய்வு உணரி, வெப்ப உணரி, 18650 பேட்டரி எல்லாவற்றையும் சால்டர் செய்து ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் அடைப்பது. மூன்றிலும் மலிவு இதுதான். எந்தச் சர்வருக்கும் அனுப்பலாம், வீட்டுக் கணினிக்கே அனுப்பலாம். 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து சால்டரிங் தெரிந்த கைகளுக்குப் பினாங்கில் பஞ்சமில்லை. அந்தக் கை உங்கள் வீட்டில் இருந்தால் வேறெதையும் யோசிக்காதீர்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் போகாதீர்கள். நீர் புகாமல் மூடுவதற்குள் பொறுமை போய்விடும்.

என் தீர்ப்பு, வாளி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண ஏல் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரிதான் கேட்கும். அதனால் பினாங்கில் பலரும் பழைய பிரிட்ஜ் ஒன்றில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டி, அதற்குள் வாளியை வைப்பார்கள். பிரிட்ஜின் உலோகம், எஃகுக் கலன், சுற்றிலும் இருபது லிட்டர் தண்ணீர் மூன்றும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையைத் தின்னும். அங்கே ரவுட்டரோ பழைய கைப்பேசியோ அதே அறையில் இருந்தாக வேண்டும். இப்படி வைப்பவர்களுக்கு ராப்ட் பில். நார்வே நாட்டு குவேக் ஈஸ்ட் 35 டிகிரியிலும் சளைக்காது. பிரிட்ஜ் வேண்டாம், நாலைந்து நாளில் காரியம் முடியும். வாளி சமையலறை மூலையில், வீட்டில் எப்போதும் ஆள் உண்டு என்றால் டில்ட்டே சுகம். வருடத்துக்கு ஓரிரு முறைதான் என்றால் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வைஃபை மிதவை முரண்டு பிடித்தால் பெரும்பாலும் ரவுட்டர்தான் காரணம். ஐஸ்பிண்டலின் சில்லுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே புரியும். இப்போதைய ரவுட்டர்கள் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் விடுகின்றன. விருந்தினர் இணைப்பு ஒன்றை 2.4-இல் மட்டும் தனிப் பெயரோடு திறந்துவிட்டால் சண்டை தீரும். ஐஸ்பிண்டலை அமைப்பு நிலைக்குக் கொண்டுவந்தால் அதுவே ஒரு வைஃபை விடும். கைப்பேசியை அதில் இணைத்து 192.168.4.1 என்ற முகவரியைத் திறந்து வீட்டு வைஃபை விவரத்தைக் கொடுக்க வேண்டும். எத்தனை விநாடிக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்றும் அங்கே கேட்கும். 900 போதும். அடிக்கடி அனுப்பச் சொன்னால் பேட்டரிதான் தீரும்.

அளவுத் திருத்தத்துக்குப் பியர் வேண்டாம், சீனி போதும். சமையலறைத் தராசில் 400 கிராம் சீனி, 1,600 கிராம் தண்ணீர். முழுக்கக் கரைத்தால் 20 சதவீதக் கரைசல், 1.083. மிதவையை விட்டு, பக்கங்களில் ஒட்டிய குமிழிகளைச் சுழற்றித் தட்டிவிட்டு, சுவரில் இடிக்காமல் நிற்கிறதா பார்த்து, பத்து நிமிடம் கழித்துக் குறியுங்கள். அதோடு 2 கிலோ தண்ணீர் சேர்த்தால் 10 சதவீதம், 1.040. பெரிய வாளிக்கு மாற்றி இன்னும் 4 கிலோ சேர்த்தால் 5 சதவீதம், 1.020. கடைசியில் வெறும் தண்ணீர். நாலு புள்ளியும் ஒரே சீனியில் முடிந்தது. ஐஸ்பிண்டலில் இந்த நாலு கோணத்தையும் சூத்திரமாக்கிக் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீரில் அது 25 டிகிரி வாக்கில் சாய்ந்து நிற்பது நல்ல அமைப்பு. டில்ட்டில் தண்ணீர்ப் புள்ளியை முதலில் ஒப்புக்கொள்ள வைத்து, மற்றவற்றைச் செயலியில் சேர்க்கலாம்.

இங்கே பினாங்கு வெயில் ஒரு வேலை செய்யும். மேலே சொன்ன எண்கள் 20 டிகிரிக்கு உரியவை. கண்ணாடி ஹைட்ரோமீட்டரின் உள்தாளிலும் பெரும்பாலும் 20 என்றே அச்சிட்டிருக்கும். குழாய்த் தண்ணீரை 30 டிகிரியில் வைத்து அதில் விட்டால் 1.000 காட்டாது, 0.998 வாக்கில் காட்டும். கருவி கெட்டுவிடவில்லை, தண்ணீர் விரிந்திருக்கிறது. ஆகவே நொதிக்கப்போகும் வெப்பத்திலேயே திருத்தத்தையும் செய்வது நல்லது. பிரிட்ஜில் வைப்பவர்கள் சீனிக் கரைசலையும் பிரிட்ஜில் வைத்துக் குளிரவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் மதுபானத் தயாரிப்பு 1976-ஆம் ஆண்டின் கலால் சட்டத்துக்குள் வருவது, உரிமம் கேட்பது. சாறு காய்ச்சுமுன் சுங்கத்துறையிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு வழி தெளிவு: 18 வயது நிறைந்தவர்கள், விற்காமல், சொந்தக் குடிப்புக்கு, வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை நொதிக்க வைக்கலாம். காய்ச்சி வடிப்பது அங்கேயும் கூடாது.

முதல் இரண்டு நாள் வரைபடம் குதிக்கும். நுரை எழும் நேரம் அது, கண்டுகொள்ளாதீர்கள். மிதவையைத் திறந்து பேட்டரியைத் தொட்டால் மட்டும் ஒருமுறை தண்ணீரில் போட்டுச் சரிபாருங்கள். கோடு இரண்டு மூன்று நாள் அசையாமல் கிடந்தால், புட்டியில் அடைக்குமுன் ஒரே ஒருமுறை மூடியைத் திறந்து கண்ணாடி ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். மிதவை 1.010 என்று சொல்லி, உள்ளே உண்மையில் 1.018 இருந்தால், மிச்சச் சீனியும் நீங்கள் புட்டியில் போடும் சீனியும் சேர்ந்து இந்த வெக்கையில் புட்டியை வெடிக்கச் செய்துவிடும்.