ஊசி என்றால் நடுக்கமா?
பிள்ளைப்பேறு சிகிச்சை தொடங்கும் தம்பதிகளுக்கு



குடும்ப நலம் என்றதும் சிவப்பு முக்கோணமும் ஆபரேஷன் முகாமும்தான் பலருக்கு நினைவு வரும். "பிள்ளை போதும் என்கிறவங்களுக்குத்தான் இந்த இலாகாவா? பிள்ளை வேணும்னு ஏங்குறவங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இந்தப் பிரசுரம் அவர்களுக்காக எழுதப்பட்டது.

திருவிடந்தைக்கு மாலையோடு போய்க் கல்யாணம் கூடி வந்திருக்கும். பிறகு கோயில் மரத்தில் தொட்டிலும் கட்டியாயிற்று. கடைசியில் டாக்டரம்மாவிடம் வந்து, இருவருக்கும் பரிசோதனைகள் முடிந்து, "தூரம் வந்த ரெண்டாம் நாள் வாங்க, ஊசி ஆரம்பிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரியிலிருந்து தூக்கம் இல்லை. தினமும் ஊசியா? நானே போட்டுக்கணுமா? தப்பாய்ப் போட்டுவிட்டால்? அத்தனை பணமும் வீணாகிவிட்டால்?

இப்படிப் பயப்படுகிறவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்ல. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு சமயமாவது பிள்ளைப்பேறின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கணக்குச் சொன்னது. அவர்களில் ஊசி வரைக்கும் வந்த யாரைக் கேட்டாலும் முதல் ஊசிக்கு முந்தின ராத்திரியை மறந்திருக்க மாட்டார்கள்.

பயந்தால் கெட்டுப்போகுமா?

வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள்: "மனசுல பயத்தை வச்சுக்கிட்டா எப்படிம்மா தங்கும்?" அன்பினால் சொல்வதுதான். ஆனால் கேட்கிற பெண்ணுக்குப் பயத்தோடு குற்றமும் சேர்ந்துகொள்கிறது. பயப்படக் கூடாதே என்று பயப்பட ஆரம்பிக்கிறாள்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், பல நாடுகளில் நடந்த 14 ஆய்வுகளை ஒன்று சேர்த்து, 3,583 பெண்களின் விவரங்களைப் பார்த்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு முன்னால் அதிகம் கலங்கியவர்களுக்கும் கலங்காதவர்களுக்கும் கரு தங்குவதில் வித்தியாசம் இல்லை. ஆகவே ஊசி போடும்போது கை நடுங்கலாம், கண்ணில் தண்ணீர் வரலாம். மருந்து தன் வேலையைச் செய்யும். பயத்தினால் ஊசியைத் தவறவிடுவதும், நேரத்தை மாற்றுவதும், போட்டுவிட்டதாகப் பொய் சொல்வதும்தான் சிகிச்சையைக் கெடுக்கும்.

ஊசி உள்ளே போய் என்ன செய்கிறது?

ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் பல முட்டைகள் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் முழுதாய் முதிரும். மற்றவை வாடிப் போய்விடும். ஊசியில் உள்ள ஹார்மோன், அந்த மாதம் எப்படியும் வாடப்போகிற முட்டைகளில் சிலவற்றையும் வளர வைக்கிறது. "ஊசி போட்டா இருக்கிற முட்டையெல்லாம் தீர்ந்து சீக்கிரம் தூரம் நின்னுடும்" என்று பஸ்ஸில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீணாகப் போவதை மீட்கிறோம். சேமிப்பில் கை வைக்கவில்லை.

இந்த மருந்து வந்த கதை வேடிக்கையானது. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் இந்த ஹார்மோன் நிறைய இருக்கும். அதனால் இத்தாலியில் கன்னிமாடங்களில் இருந்த வயதான கன்னியாஸ்திரீகளிடமிருந்து சிறுநீரைச் சேகரித்து மருந்து வடித்தார்கள். அதைப் போட்டுக்கொண்ட ஒரு தாய்க்கு 1962-ல் இஸ்ரேலில் குழந்தை பிறந்தது. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்தபோது அந்தத் தாய்க்கு முட்டை வளர்க்கும் ஊசி போடவில்லை. அதே வருஷம் அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்துக் குழந்தை பிறக்க வைத்தார். அவரை அப்போது யாரும் நம்பவில்லை. 1981-ல் மனம் நொந்து இறந்தார். அவர் கையாண்ட முறைதான் இன்று எங்கும் வழக்கம்.

அந்தக் காலத்து ஊசி இடுப்புச் சதையில் ஆழமாய் ஏற்றுவது, வலிக்கும். உங்கள் பெரியம்மாவோ அத்தையோ சொல்லும் ஊசிக் கதைகள் அந்தக் காலத்தவை. இப்போது முட்டை வளர்க்கும் ஊசிகள் பெரும்பாலும் தோலுக்கு அடியில் போடுபவை. முனை தலைமுடியைப் போல மெல்லியது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் தாத்தா பாட்டிகள் இல்லாத தெரு இன்று ஏது? ஏறக்குறைய அதே ஊசிதான். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறோம். கரு வைத்த பிறகு சிலருக்கு எண்ணெயில் கலந்த ஊசி எழுதுவார்கள். அது இடுப்பில் போடுவது, கொஞ்சம் வலிக்கும். அதற்குப் பதில் பெண்ணுறுப்பில் வைக்கும் மாத்திரை உங்களுக்கு ஒத்துவருமா என்று டாக்டரைக் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை.

போடும் விதம்

பொதுவாக 10 முதல் 12 நாள் வரை, தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். நடு நடுவே ஸ்கேன் பார்த்து அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். முதல் ஊசியை நர்சம்மா போடும்போது இருவரும் கூடவே நின்று பாருங்கள். இரண்டாவதை அவர் முன்னாலேயே நீங்கள் போட்டுக் காட்டுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தொப்புளை விட்டு இரண்டு விரல் தள்ளி, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடியுங்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த இடம் நன்றாகக் காயட்டும். ஈரத்தோடு குத்தினால்தான் எரியும்; பலர் "ஊசி எரியுது" என்பது இந்த அவசரத்தினால். மருந்தைப் பிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் கடுப்புக் குறையும். குத்தும்போது மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். மருந்து முழுதும் இறங்கியபின் பத்து வரை எண்ணி ஊசியை எடுங்கள். தேய்க்க வேண்டாம். நாளைக்கு வேறு பக்கம்.

சின்னக் காற்றுக் குமிழி போய்விட்டால் நெஞ்சு அடைத்துவிடும் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. இது நரம்பில் ஏற்றும் ஊசி அல்ல, தோலுக்கடியில் போடுவது. ஆகவே அந்தப் பயம் வேண்டாம். ஒரு வேளை மறந்துவிட்டால், மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேளுங்கள். திட்டுவார்களோ என்று மறைத்தால்தான் நஷ்டம்.

சிலருக்கு ஊசியைப் பார்த்தாலே கண் இருட்டும். அவர்கள் படுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளலாம். போடுவதற்கு முன் கை, கால், தொடைத் தசைகளை இறுக்கிப் பதினைந்து விநாடி பிடித்து, பிறகு தளர்த்தி, இப்படி நாலைந்து தடவை செய்தால் மயக்கம் வருவது குறையும். குத்துகிற பக்கத்துத் தசை மட்டும் தளர்ந்திருக்கட்டும்.

ஐயா, உங்களுக்கு

"கடலுக்கே போறவன் நான், ஊசியைப் பார்த்தா மட்டும் வேர்த்துப் போவுது" என்று சொல்லும் கணவன்மாரும் உண்டு. வெட்கப்படாதீர்கள். ஆனால் ஒதுங்கியும் நிற்காதீர்கள். பிள்ளை இல்லாததற்குக் காரணம் ஆணிடமும் இருக்கலாம் என்பதால்தான் உங்களையும் பரிசோதித்தார்கள். குறை உங்களிடமே இருந்தாலும் ஊசி பெரும்பாலும் மனைவி உடம்பில்தான் ஏறுகிறது. இதை நினைத்துப் பார்த்தால் போதும், உங்கள் வேலை என்ன என்று விளங்கும்.

மாமல்லபுரத்தில் உளி பிடிக்கிற கைக்கு இந்த ஊசி கனமா? மனைவி விரும்பினால் நீங்களே போட்டுவிடலாம். அவள் தானே போட்டுக்கொள்கிறேன் என்றால், மருந்தை எடுத்துக் கொடுத்து, மணி பார்த்து, நாள் காட்டியில் குறித்து வையுங்கள். "என்ன விசேஷம் ஒண்ணும் காணோமே" என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் உங்கள் பொறுப்பாகவே இருக்கட்டும். யார் யாருக்குச் சொல்வது என்பதை முதல் ஊசிக்கு முன்பே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஊர் முழுக்கச் சொன்னால், தவறிய மாதம் ஊர் முழுக்கப் பதில் சொல்ல வேண்டிவரும். ஒருவருக்குமே சொல்லாமல் சுமப்பதும் கஷ்டம். நம்பிக்கையான ஒரு ஆள் போதும்.

மருந்தை வைக்கும் இடம்

செங்கல்பட்டிலிருந்து கரையோரக் கிராமத்துக்கு பஸ் மாறி வந்து சேர நேரம் ஆகும். அக்கினி நட்சத்திரத்தில் கேட்கவே வேண்டாம். மருந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு அப்படியே வந்தால் சூட்டில் வீரியம் போய்விடும். பல ஊசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். சிலவற்றை வெளியிலும் வைக்கலாம். பெட்டியில் எழுதியிருப்பதை மருந்துக் கடைக்காரரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கொக்கிலமேடு, தேவனேரி போன்ற மீனவர் ஊர்களில் ஐஸ் பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கவனம்! மீனைப் போல மருந்தை ஐஸுக்குள் புதைக்கக் கூடாது. உறைந்துபோன மருந்து உதவாது. துணியில் சுற்றி, ஐஸ் மேலே படாமல் வைத்துக் கொண்டு வாருங்கள். வீட்டுப் பிரிட்ஜில் உறைவிக்கும் தட்டில் வைக்காதீர்கள். பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்காரர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். போட்ட ஊசிகளை மூடி போட்ட கெட்டியான டப்பாவில் சேர்த்து ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுங்கள். குப்பை அள்ளுகிற அம்மாவின் கையில் குத்தக் கூடாது பாருங்கள்.

கடைசி ஊசிக்கு மட்டும் நிமிஷக் கணக்கு உண்டு. முட்டை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரத்துக்கு முன் அதைப் போடுவார்கள். ராத்திரி பத்தரை என்றால் பத்தரைதான். இரண்டு பேர் போனிலும் அலாரம் வையுங்கள்.

பணமும் சட்டமும்

தனியார் இடங்களில் லட்சக்கணக்கில் செலவாகும். கடன் வாங்குவதற்கு முன் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு பிரிவில் முதலில் காட்டலாம். எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் 2024-ல் தொடங்கப்பட்டது. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் எழும்பூரிலேயே இறங்கலாம்.

2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இச்சிகிச்சை தரும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். மனைவிக்கு 21 முதல் 50 வயதுக்குள்ளும் கணவனுக்கு 21 முதல் 55 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். படித்துச் சொல்லாமல் கையெழுத்துக் கேட்டால், "படிச்சுக் காட்டுங்க சார்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முதல் தடவையே நிச்சயம் என்று யாராவது சத்தியம் செய்தால் எழுந்து வந்துவிடுங்கள். 35 வயதுக்கு உட்பட்டவர்களிலேயே ஒரு தடவை கரு வைத்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் குழந்தை பிறக்கிறது என்பது பிரிட்டன் நாட்டுக் கணக்கு.

உடனே போக வேண்டியது எப்போது?

வயிறு கொஞ்சம் உப்பலாக இருப்பதும், ஊசி போட்ட இடம் சிவப்பதும், எரிச்சலாகக் கோபம் வருவதும் சகஜம்தான். சிகிச்சை முடிந்தால் சரியாகும். ஆனால் கடைசி ஊசிக்குப் பிறகு வயிறு வேகமாக வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும், ஒன்றிரண்டு நாளிலேயே எடை கிலோக் கணக்கில் ஏறினாலும், சிறுநீர் குறைந்தாலும், விடாமல் வாந்தி வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அடையாளம் அது. சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அதிகம் வரும். ராத்திரியானாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். எந்த ஊசி, எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதிய சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அந்நேரத்தில் அங்கே இருக்கும் டாக்டர் உங்களை முன்பின் பார்த்திராதவராக இருக்கலாம்.